மருந்து வெளியேறும் வழி

அன்புள்ள ஐயா,

எம்.ஃபார்ம் இறுதியாண்டில் படிக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்லீன் ஜியாகோமினி பற்றி வகுப்பில் சொன்னார்கள். மருந்துகளைச் செல்களுக்குள் ஏற்றி இறக்கும் கடத்துப் புரதங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்பவராம். புது மருந்து கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, அது சிறுநீரில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கா ஒரு வாழ்நாள்? நான் ஆராய்ச்சிக்குப் போவதா, கம்பெனி வேலைக்கா?

க.

அன்புள்ள க.,

வேலையா ஆராய்ச்சியா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. அதில் நான் தலையிடுவதாக இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள இளக்காரம் மருந்தியல் படிப்பவருக்கு அழகல்ல.

அண்மையில் என் தாயாருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காக டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவான கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.2 ஆகியிருந்தது. சிறுநீரகம் போய்விட்டதென்று வீடே கலங்கியது. சிறுநீரகம் கெட்டால் கூடவே ஏறும் யூரியா ஏறவில்லை என்பதை மருத்துவர் காட்டி, மாத்திரை முடிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றார், அப்படியே இறங்கியது. கிரியேட்டினின் வடிகட்டப்படுவதோடு, அதில் ஒரு பங்கைச் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களும் ரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகின்றன. அதற்கான ஓசிடி2, மேட் என்னும் கடத்துப் புரதங்களை அந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. சிறுநீரகம் சேதமடையாமலே எண் ஏறிவிடுகிறது. அன்றிலிருந்து இந்த விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

புது மருந்துக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் பகை என்று உங்களுக்கு யார் சொன்னது? 1923-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இ.கே. மார்ஷல், நாய்க்கு ஒரு சாயத்தைச் செலுத்தி, வடிகட்டலால் மட்டும் வரமுடியாத அளவுக்கு அது சிறுநீரில் சேர்வதைக் காட்டினார். வடிகட்டும் முடிச்சே இல்லாத மீன்களின் சிறுநீரகமும் சாயத்தை வெளியேற்றுவதைப் பிற்பாடு கண்டார். அப்போது அதனால் யாருக்கும் காசு பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் பென்சிலின் தட்டுப்பாடு வந்து, நோயாளிகளின் சிறுநீரிலிருந்தே அதை மீட்டெடுக்கும் நிலை ஏற்பட்டபோதுதான், உடலுக்குள் போன மருந்தை நுண்குழல்கள் இவ்வளவு விரைவாக வெளியேற்றுகின்றன என்பது எல்லோருக்கும் உறைத்தது. அதைத் தடுக்கத் தேடிய தேட்டத்தில், ஷார்ப் அண்ட் டோம் நிறுவனத்தில் கார்ல் பேயர் குழுவினர் 1951-இல் புரோபெனிசிட் என்னும் மருந்தைக் கொண்டுவந்தார்கள். அது பின்னர் கவுட் என்னும் மூட்டு நோய்க்கும் மருந்தானது. ‘எப்படிப் போகிறது’ என்று கேட்டவர்கள் கையில்தான், ஐயா, நீங்கள் கேட்ட புது மருந்தே பிறந்தது.

இந்தக் கடத்துப் புரதங்கள் பலவற்றின் மரபணுக்கள் 1990-களில்தான் பிரித்தெடுக்கப்பட்டன. ஜியாகோமினி போன்றோர் கூடி 2010-இல் வெளியிட்ட நெடிய கட்டுரை, புது மருந்தொன்றை எந்தெந்தக் கடத்துப் புரதங்களோடு சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதை வகுத்தது. இன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்கும் சோதனைகளில் ஓஏடி1, ஓஏடி3, ஓசிடி2, மேட் ஆகிய சிறுநீரகக் கடத்துப் புரதங்கள் எல்லாம் உண்டு. நம் ஊரில் கோடிக்கணக்கானோர் நீரிழிவுக்கு விழுங்கும் மெட்ஃபார்மின் உருமாறாமல் ஓசிடி2, மேட் வழியில்தான் வெளியேறுகிறது, எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் கூடச் சேர்ந்தால் அந்த வழி அடைபட்டு ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு வெகுவாகக் கூடும் என்பதால், அதைக் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

வெளிநாட்டுச் சேர்க்கை, உதவித்தொகை பற்றி உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள், தம்பி. அந்த 2010 கட்டுரையை அட்டவணைகளையும் விட்டுவிடாமல் படியுங்கள். படித்தபின், வயிற்றுப் புண்ணுக்குச் சிமெட்டிடின் சாப்பிடும் ஒருவரின் கிரியேட்டினின் ஏன் ஏறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.