நான் யார் என்று தெரிந்த பிறகுதான் மருத்துவரிடம் போகவேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 24. பிறந்தபோது பெண் என்று பதிவு செய்தார்கள். அந்தச் சொல் எனக்குப் பொருந்தவில்லை. ஆண் என்று சொல்லிக்கொள்ளவும் வரவில்லை. இப்போதைக்கு நான்-பைனரி (non-binary), அதாவது ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர் என்கிறேன். ஏழெட்டு மாதமாகச் சரியான தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை. வெளியே கிளம்பினால் மார்பு அடைத்து மூச்சு முட்டுகிறது. ஒரு மருத்துவரிடம் போனேன். நான் பேசி முடிப்பதற்குள், "எல்லாம் மனக்குழப்பம், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார். அப்புறம் யாரிடமும் போகவில்லை. மனநல மருத்துவரிடம் போனால், நான் இப்படி இருப்பதே நோய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாதா? நான் யார் என்று எனக்கே தெளிந்த பிறகு போகலாமா? இன்னொன்று: என்னை 'அவள்' என்று சொல்லவேண்டாம் என்று எப்படிக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தெளிந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எட்டு மாதம் தூக்கம் கெட்ட யாரிடமும் "நீங்கள் யார்?" என்று கேட்டால் தெளிவான பதில் வராது. சோர்வும் நாட்டமின்மையும் பெரும்பாலான நாட்களில் இருந்து, இரண்டு வாரத்தைத் தாண்டினாலே மனச்சோர்வா என்று பார்க்கவேண்டும் என்பது மனநல மருத்துவர்களான எங்கள் கணக்கு. நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பாலினம் பற்றிய கேள்வி ஒரு வருடமோ பத்து வருடமோ எடுத்துக்கொள்ளட்டும், பதிலே வராமலும் போகட்டும். தூக்கத்துக்கு வைத்தியம் பார்க்க அந்தப் பதில் தேவையில்லை.

நோயா என்ற பயம் உங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அதில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. நான் படித்த காலத்துப் பாடநூலில் இது 'பாலின அடையாளக் கோளாறு' என்றுதான் இருந்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அந்தப் பெயரைக் கைவிட்டது. அடையாளம் கோளாறு அல்ல, அதையொட்டி ஒருவர் படும் வேதனைக்குத்தான் உதவி தேவை என்று மாற்றி எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், இது மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய நூலோடு நின்றுவிட்ட மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்தவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம், அல்லது அவசரத்தில் இருந்திருக்கலாம். எப்படியானாலும், பேசி முடிக்கவிடாதது தவறுதான்.

சரி, நோயில்லை என்றால் வேதனை எங்கிருந்து வருகிறது? இந்த உடை போட்டால் என்ன சொல்வார்கள், எந்தக் கழிப்பறைக்குப் போவது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நாள் முழுக்கக் காவல் காக்கும் மனம், ராத்திரி படுத்த பிறகும் காவலை விடுவதில்லை. இதைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்பார்கள். 2003-இல் இலான் மேயர் என்ற ஆய்வாளர் ஒருபாலீர்ப்பு உள்ளவர்களை வைத்து விரிவாக விளக்கினார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருநர்களுக்கும், அதாவது பிறந்தபோது பதிந்த பாலினம் பொருந்தாதவர்களுக்கும், பொருத்திப் பார்த்தார்கள். அடையாளமே துன்பம் தருவதில்லை, அதைச் சுற்றி நடப்பவைதான் தருகின்றன என்பது அதன் சாரம். சில பேருக்குத் தங்கள் உடலே தங்களுக்குப் பொருந்தவில்லை என்ற வேதனையும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

மூச்சு முட்டுவது பற்றி ஒன்று கேட்கவேண்டும். மார்பு தட்டையாகத் தெரிய அதை இறுக்கிக் கட்டும் பழக்கம் உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதைப் பெரும்பாலும் யாரும் தாமாகச் சொல்வதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. இறுக்கமான கட்டினால் வரும் மார்புவலியும் மூச்சுத்திணறலும் பதற்றத்தால் வருபவை போலவே இருக்கும். அந்தக் கட்டு உங்களுக்கு நிம்மதி தருகிறதென்றால் அவிழ்த்துப் போடச் சொல்லமாட்டேன். அதற்கென்றே தைத்த, அளவான உடையாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாது. காயத்துக்குச் சுற்றும் எலாஸ்டிக் துணியோ ஒட்டும் டேப்போ வேண்டாம். கட்டாத நாளிலும் மூச்சு முட்டுகிறதா என்று கவனித்துச் சொன்னால் மருத்துவருக்கு அதுவே பாதி விடை. தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். திருநர் என்றதும் எல்லாவற்றையும் பாலினத்தின் மேல் போட்டுவிட்டு, சாதாரணக் காரணத்தைத் தவறவிடுவது எங்களிடம் உள்ள கெட்ட பழக்கம்.

போகும் முன் தொலைபேசியில், "திருநர், நான்-பைனரி ஆட்களைப் பார்த்த அனுபவம் உண்டா?" என்று கேட்டுவிடலாம். பதில் வரும் தொனியே நிறையச் சொல்லும். முதல் நாள் வாய் வராது என்று தோன்றினால், இப்போது எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றால் அதைத்தான் முதலில் பேசவேண்டும். நீங்கள் வயது வந்தவர், உங்கள் சம்மதமில்லாமல் வீட்டாரிடம் சொல்வது முறையல்ல. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் விலக்கு உண்டு. எதை, யாரிடம் சொல்வார் என்று நேராகவே கேளுங்கள்.

"உங்களை மாற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்குப் பலனில்லை, கெடுதல் உண்டு. மாத்திரை எழுதிக் கொடுத்தால் அந்தச் சந்தேகம் வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கும், பாலின உணர்வைத் தொடாது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். நடுவில் நீங்களாக நிறுத்தவேண்டாம். ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் வாசகர்கள், கடையில் தாமாக வாங்கினாலும்கூட, அதை மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் கார்பமாஸெபின், லாமோட்ரிஜின் போன்ற சில மருந்துகளுக்கும் ஹார்மோனுக்கும் ஒத்துப்போகாது, அளவை மாற்றவேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்து என்ன பயன், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? ஆம் என்றால் மேலே சொன்ன எதையும் வரிசையாகச் செய்யவேண்டாம். இன்றைக்கே நம்பும் ஒருவரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அங்கே பாலினத்தை விளக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

'அவள்' விஷயத்தில் தமிழ் உங்கள் பக்கம். வந்தான், வந்தாள் என்று வினையே காட்டிக்கொடுக்கும் மொழிதான், ஆனால் 'அவர் வந்தார்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டுமல்லாதவருக்கும் பொருந்தும். மருத்துவர் எதிரில் இருக்கும்போது 'நீங்கள்' என்றுதான் பேசுவார், சிக்கல் வருவது செவிலியரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது. ஆகவே உட்கார்ந்ததும், "என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது 'அவர்' என்று சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். மறந்துபோய் மாற்றிச் சொன்னால் ஒருமுறை திருத்துங்கள். திருத்திய பிறகு என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, இரண்டாம் முறை அவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.