ஏலத்தில் வரும் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை நம்பி எடுக்கலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் டிபன் கடை நடத்துகிறேன். ஆன்லைன் ஏலத்தில் 2022 மாடல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று 22,000 ரூபாய் ஆரம்ப விலையில் வந்திருக்கிறது. லோன் கட்டாததால் பைனான்ஸில் எடுத்துக்கொண்ட வண்டியாம். தெரிந்த புரோக்கர் ஒருவர், 5,000 ரூபாய் கொடுத்தால் அவர் ஐடியிலேயே ஏலம் கேட்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார். எலெக்ட்ரிக் வண்டிக்கு நம்பர், லைசென்ஸ் எதுவும் வேண்டாம், 17 வயது மகனே ஓட்டலாம் என்றும் சொல்கிறார். பார்சல் கொடுக்க தினமும் 30 கிலோமீட்டர் ஓடும். போட்டோவில் வண்டி பளபளவென்று இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: அக்கா, இந்த வண்டியை இந்த வழியில் எடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏலம் முடிகிற நேரத்தில் கை பரபரக்கும்.

பழைய பெட்ரோல் வண்டியில் இன்ஜின் போயிருந்தால் நம்ம தெரு மெக்கானிக்கே பிரித்து வேலை பார்த்து ஓட வைத்துவிடுவார். எலெக்ட்ரிக் வண்டியில் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். ஓரளவு நல்ல ஸ்கூட்டருக்குக் கம்பெனியில் புதுப் பேட்டரி மாற்றினால் ஐம்பது அறுபதாயிரம் சாதாரணமாக ஆகிவிடும். அதாவது 22,000-க்கு வண்டி எடுத்து, பேட்டரி செத்திருந்தால், நீங்கள் வாங்கியது இரண்டு டயரும் ஒரு சீட்டும். பெயின்ட் பளபளப்பதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை.

பைனான்ஸ்காரர் எடுத்த வண்டி, நம்ம ஊரில் சீஸிங் வண்டி என்பார்களே, அதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. வண்டியை ரோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் யார்டில் நிறுத்திவிடுவார்கள். சார்ஜர் பழைய ஓனர் வீட்டிலேயே கிடக்கும். அப்புறம் அது வெயிலில் ஆறு மாதம், எட்டு மாதம் சார்ஜ் இல்லாமல் நிற்கும். சும்மா நின்றாலும் பேட்டரிக்குள் இருக்கிற கன்ட்ரோல் போர்டு துளித்துளியாகக் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். லித்தியம் செல் ஒன்று இரண்டு வோல்ட்டுக்கும் கீழே இறங்கி அங்கேயே கிடந்தால் உள்ளே இருக்கிற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் அடிக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் யார்டில் செத்த பேட்டரி வெறும் நஷ்டத்தோடு முடிவதில்லை, வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போட்டால் ஆபத்து.

போன வருடம் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் இப்படி ஏலத்தில் எடுத்த வண்டியைக் குட்டியானையில் ஏற்றி என் ரிப்பேர் கடைக்குக் கொண்டு வந்தார். செங்குன்றம் பக்கம் யார்டில் நின்ற வண்டி. சார்ஜர் இல்லை, ஒரே சாவி, மீட்டரில் வெளிச்சமே இல்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு செல் வரிசையாக வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் மூன்று வோல்ட்டுக்கு மேல், ஒரே ஒரு வரிசை மட்டும் 1.4 வோல்ட். புதுப்பேட்டையில் வாங்கிய ஏதோ ஒரு சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பேட்டரிக்கு நேரடியாகக் கொடுத்து எழுப்பிப் பாருங்கள் என்று கெஞ்சினார். நான் செய்யவில்லை. எழுப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஐந்நூறு ரூபாய்க்கு எழுப்புவார்கள். தயவுசெய்து அவர்களிடம் போகாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் மூச்சுத்திணறி இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம பக்கம் வீடுகளில் வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே. வெளியே ஓட அந்த ஒரு வழிதான் இருக்கும். இதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக இறுக்கினார்கள். நீங்கள் சொல்வது 2022 மாடல். பெரும்பாலும் பழைய விதிப்படி செய்ததாகத்தான் இருக்கும்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம்ம பக்கம் எத்தனை வண்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எர்ணாவூரிலிருந்து வந்த ஒரு வண்டியில் ஃபுட்போர்டுக்கு மேலே கறுப்பாக ஒரு கோடு ஓடியது, வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை. வெளியே துடைத்து பாலிஷ் போட்டிருந்தார்கள். சீட்டைத் தூக்கி உள்பக்கம் விரலை விட்டால் பிசுபிசுப்பு. கனெக்டரைக் கழற்றினால் பின்னெல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. தண்ணீர் பார்த்த வண்டி ஒரு வருடம் நன்றாகவே ஓடிவிட்டு அப்புறமும் நிற்கும், அதனால் டெஸ்ட் டிரைவில் தெரியவே தெரியாது. யார்டில் பார்க்க விட்டார்கள் என்றால் போட்டோவில் தெரியாத அந்த மூன்று இடங்களைப் பாருங்கள்: சீட்டுக்கு அடியில், ஃபுட்போர்டு ஸ்குரூ தலைகளில், சார்ஜிங் சாக்கெட்டுக்குள். துருவோ பச்சையோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பார்க்க விடுவார்களா என்பது வேறு விஷயம். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஏலப் பட்டியலில் கலர் போடுகிறார்கள், டயர் எத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள், கண்ணாடி உடைந்ததைக்கூடப் போடுகிறார்கள். வண்டி விலையில் பாதியைத் தின்கிற பேட்டரிக்கு ஒரு வரி கிடையாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டினால் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஆர்சி ஓனர் வந்தால்தான் பார்ப்போம் என்பார்கள். ஏலம் எடுக்காமல் நீங்கள் ஓனர் ஆக முடியாது. எடுத்த பிறகு, உள்ளது உள்ளபடி விற்றோம், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பார்கள். பேட்டரி நிலவரத்தை எழுதிக் கொடுத்தால்தான் பழைய எலெக்ட்ரிக் வண்டியை விற்கலாம் என்று ஒரு உத்தரவு போட என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

சரி, புரோக்கர் விஷயம். அவர் ஐடியில் ஏலம் எடுத்தால் பில் அவர் பெயரில்தான் வரும். வண்டி உங்களுக்கு வருவது அவர் மனசு வைத்தால். நல்ல வண்டியாக வந்துவிட்டால் வேறு ஆளுக்குக் கூடுதல் விலை வைத்துக் கொடுத்துவிட்டு, ஏலம் கைவிட்டுப் போச்சு அக்கா என்பார். மோசமான வண்டியாக வந்தால் உங்கள் தலையில் கட்டுவார். இரண்டில் எதிலும் அவருக்கு நஷ்டமில்லை. ஏலத்துக்கான முன்பணத்தை ஏலம் நடத்துகிறவர்களின் கணக்கில், உங்கள் பெயரில், ரசீதோடுதான் கட்ட வேண்டும். தனி ஆளின் போன் நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அத்தோடு ஏலத் தொகை மட்டும் முழுக் கணக்கு ஆகாது. ஏலக் கட்டணம், ஜிஎஸ்டி, யார்டு வாடகை, வண்டியைத் தூக்கி வருகிற செலவு, சார்ஜர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று வந்துகொண்டே இருக்கும்.

பேப்பரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29-இல் விற்கிறவராகக் கையெழுத்துப் போடுவது யார்? பைனான்ஸ் கம்பெனி ஃபாரம் 36 கொடுத்து ஆர்சியைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தால் அவர்களே போடலாம். இல்லையென்றால் பழைய ஓனர் போட வேண்டும், வண்டியைப் பறிகொடுத்த ஆள் எங்கே இருக்கிறாரோ. லோன் ரத்தானதற்கு ஃபாரம் 35-உம் ஆட்சேபம் இல்லை என்ற பைனான்ஸ்காரர் கடிதமும் (என்ஓசி) வேண்டும். ஆர்சி அப்படியே இருக்கட்டும், பெயர் மாற்றாமல் ஓப்பனில் ஓட்டுங்கள் என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் லோன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது என்று தெரியும், இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடலாம். நம்பர் போர்டையும் கவனியுங்கள். பச்சை போர்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடியது. வாடகை வண்டி பேட்டரி நாள் முழுக்க அடிபட்டிருக்கும், உங்களுக்கு வேண்டாம்.

இப்போது மகன் விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரோக்கர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார், பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும். நம்பர், லைசென்ஸ் வேண்டாத எலெக்ட்ரிக் வண்டி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு முறுக்கினாலும் வேகம் 25 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும். பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இது எல்லாம் சரி என்று அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் சான்றிதழ் கொடுத்த மாடலாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம், பெட்ரோல் ஸ்கூட்டருக்கு உள்ள சட்டம் அத்தனையும் அதற்கும் உண்டு. பட்டியலில் டிஎன் என்று தொடங்கும் நம்பர் போட்டிருந்தாலே கதை முடிந்தது, அது பதிவு செய்த வண்டி. நம்பர் இல்லாத வண்டி என்றாலும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். 250 வாட் என்று ஒட்டிவிட்டு உள்ளே பெரிய மோட்டார் வைத்தவற்றை நானே பிரித்திருக்கிறேன், ஒரு வயரை வெட்டி வேக லாக்கை எடுத்தவையும் நிறைய. பேசின் பாலம் ஏற்றத்தில் இரண்டு பேரோடு சிரமமே இல்லாமல் ஏறினால் அது 250 வாட் வண்டி கிடையாது. லைசென்ஸ் இல்லாத 17 வயதுப் பையன் அப்படி ஒரு வண்டியில் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பையனின் பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோதான். யார் மேலாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது. டிபன் கடை வருமானத்தில் அதைத் தாங்க முடியாது அக்கா.

உங்கள் தேவை நிஜமாகவே சின்னது, அதுதான் நல்ல செய்தி. ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் 30 வாட்-ஹவர் கரன்ட் தின்னும் (ஆயிரம் வாட்-ஹவர் ஒரு யூனிட்), பார்சல் பாரத்தோடு 35 வைத்துக்கொள்ளுங்கள். தினம் 30 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் கரன்ட்டை விடச் சற்று அதிகம். புதிதில் மூன்று யூனிட் பிடித்த பேட்டரி மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால்கூட உங்களுக்குப் போதும். ஆகவே பழைய வண்டியே கூடாது என்று சொல்ல மாட்டேன். பெரம்பூர், ராயபுரம் என்று பக்கத்திலேயே, முதல் ஓனர் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிற வண்டியாக, பில்லும் சார்ஜரும் இரண்டு சாவியும் வைத்திருப்பவரிடம் பாருங்கள். முப்பது, நாற்பதாயிரம் ஆனாலும் பரவாயில்லை. முந்தின ராத்திரி நூறு சதவீதம் சார்ஜ் போடச் சொல்லி, காலையில் அவரையே ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து எண்ணூர் வரை போய்த் திரும்பி வாருங்கள், இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும். சதவீதம் சீராக இறங்கி அறுபதுக்கு மேல் நின்றால் நல்லது. எழுபதிலிருந்து திடீரென்று ஐம்பதுக்குக் குதித்தால் உள்ளே ஒரு வரிசை போகப்போகிறது, விட்டுவிடுங்கள். பேட்டரி வாரண்டி பாக்கி இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் சொல்வது வேண்டாம். வண்டியின் ஆப் கணக்கையும் அன்றைக்கே அவர் போனிலிருந்து உங்கள் போனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது வரை மகன் நடந்தோ சைக்கிளிலோ பார்சல் கொடுக்கட்டும், 18 ஆனதும் லைசென்ஸ் எடுக்கட்டும்.

அந்த 5,000-ஐ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள், போனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் வராமல் நம்பரை பிளாக் செய்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் பதிவு செய்யுங்கள்.