‘காலி வீதி’ இரண்டாக உடைகிறது

வணக்கம். உங்கள் ஜாவா நிரலுக்கு வீதியின் பெயரையும் இரண்டு பஸ் கட்டணங்களையும் கட்டளை வரியில் காலி வீதி 60 40 என்று கொடுத்தால் ‘நம்பர் ஃபார்மட் எக்செப்ஷன்’ (எண்ணாக மாற்ற முடியாத சொல் என்ற பிழை) வருகிறது, கூட்டல் வரியில் தவறே தெரியவில்லை என்கிறீர்கள். கூட்டல் சரிதான், அதைக் கலைக்க வேண்டாம்.

கட்டளை வரி, இடைவெளி கண்ட இடத்தில் சொற்களைப் பிரித்துவிடும். அந்தச் சொற்கள் ‘ஆர்க்ஸ்’ என்ற அணியில் 0ஆம் இடத்திலிருந்து வரிசையாகச் சேரும். அதனால் ‘காலி’ ஆர்க்ஸ்[0]இலும் ‘வீதி’ ஆர்க்ஸ்[1]இலும் போய் உட்கார்ந்துவிட்டன. 60 வரவேண்டிய இடத்தில் ‘வீதி’ இருக்கிறது. அதை ‘பார்ஸ்இன்ட்’ எப்படி எண்ணாக மாற்றும்? பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்:

"காலி வீதி" 60 40

‘வெள்ளவத்தை’ என்று சோதித்தபோது சரியாக ஓடியதற்கும் இதுவே காரணம்: அது ஒற்றைச் சொல். (சி மொழியைப் போல 0ஆம் இடத்தில் நிரலின் பெயர் வருவதில்லை, அந்தக் குழப்பம் வேண்டாம்.)

எண்ணாக்கும் முன் அணியின் நீளமான ஆர்க்ஸ்.லெங்த் 3தானா என்று பாருங்கள். எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் அணியின் நீளம் 0. அப்போது ஆர்க்ஸ்[0]ஐத் தொட்டாலே நிரல் நின்றுவிடும். உங்கள் ஃபார் சுழற்சியிலும் <= என்பதை < ஆக்குங்கள். 3 உறுப்புகள் உள்ள அணியின் கடைசி இடம் 2தான்.

மறுபடியும் பிழை வந்தால், முதலில் அணி முழுவதையும் வரிக்கு ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள். அந்த வெளியீட்டை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.