பதில்: 1954 தீர்ப்புக்குப் பிறகும் மதிப்பெண் இடைவெளி ஏன்?

வணக்கம். 1954ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பு பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற பிறகும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் தேர்வு மதிப்பெண் ஏன் பின்தங்கியே இருக்கிறது என்று கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள்.

தீர்ப்பு வந்தவுடனே பள்ளிகள் கலந்துவிடவில்லை. தெற்கில் பெரும்பாலும் 1968க்குப் பிறகுதான். அப்புறம் என்ன ஆனது பாருங்கள்: தேசிய வாசிப்புத் தேர்வில் 17 வயதினரிடையே கறுப்பர்–வெள்ளையர் இடைவெளி 1971ல் 53 புள்ளி, 1988ல் 20. கலப்பு மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள், பெற்றோரின் படிப்பும் கூடியிருந்தது.

1974 மில்லிகன் தீர்ப்பைக் கட்டாயம் சேருங்கள். டெட்ராய்ட் நகரப் பள்ளிகளோடு புறநகர்ப் பள்ளிகளையும் கலப்புத் திட்டத்தில் இழுக்கக்கூடாது என்றது அது. வெள்ளையர் குடும்பங்கள் நகர எல்லையைத் தாண்டிக் குடிபோனாலே போதும், பிள்ளைகள் மறுபடி தனித்தனி. எனக்கு இன்றும் மனம் ஆறாத தீர்ப்பு.

கல்வி ஏற்றத்தாழ்வை ஆராயும் ஷான் ரியர்டனின் ஆய்வையும் படியுங்கள். கூடப் படிப்பவர்களில் எத்தனை பேர் ஏழைகள் என்ற வித்தியாசம்தான் இந்த இடைவெளியோடு நெருக்கமாக ஒட்டிப்போகிறது என்கிறார்.