டார்ச் தகட்டில் உரசுகிறதா? பிளாஸ்மா டி.எச்.சி. கேள்வி பதில்

பிளாஸ்மா கட்டிங்கில் டார்ச் உயரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் டி.எச்.சி. பற்றி நம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். டி.எச்.சி.க்கு உயரம் தெரியாது, எலக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் ஆர்க் வோல்டேஜ்தான் தெரியும். டார்ச் மேலே போனால் ஆர்க் நீண்டு வோல்டேஜ் ஏறும், கீழே வந்தால் இறங்கும். நாம் கொடுத்த அளவைவிட வோல்டேஜ் கூடினால் டார்ச்சை இறக்கும், குறைந்தால் ஏற்றும். கணக்குக்கு 10 வோல்ட் என்றால் சுமார் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் மாறாமல் வேறு ஏதோ ஒன்றால் வோல்டேஜ் மாறினாலும் அது டார்ச்சைத்தான் நகர்த்தும், பெரும்பாலான தொந்தரவு இங்கேதான் பிறக்கிறது.

அதனால் என்ன கோளாறு வந்தாலும் முதலில் டி.எச்.சி.யை நிறுத்திவிட்டு, நேரான தகட்டில் உங்கள் சார்ட் (மெஷினோடு வரும் வெட்டு அளவு அட்டவணை) சொல்லும் உயரத்தில் (பல டார்ச்சுகளுக்கு 1.5 மி.மீ.) ஒரு நேர்கோடு வெட்டிப் பாருங்கள். அதுவே மோசமாக வந்தால் டி.எச்.சி.யைத் தொடாதீர்கள். காற்று, நாசில், வேகம், எர்த் இவற்றைப் பாருங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து: ரிக் வண்டிக்கு 12 மி.மீ. பிராக்கெட் வெட்டுகிறோம். காலையில் அருமையாக வருகிறது, சாயங்காலம் ஆனால் டார்ச் தகட்டை உரசிக்கொண்டு போகிறது. சர்வோ கெட்டுவிட்டதா அண்ணா?

சர்வோ நன்றாகத்தான் இருக்கும். எலக்ட்ரோடு முனையில் ஹாஃப்னியம் என்று ஒரு சின்னப் பொட்டு இருக்கிறதல்லவா, ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் விடும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழி விழும். குழி ஆழமானால் ஆர்க் டார்ச்சுக்குள்ளேயே நீளும், அப்போது வெளியே உயரம் அதேதான் இருந்தாலும் வோல்டேஜ் ஏறிவிடும். உங்கள் டி.எச்.சி. காலையில் புது எலக்ட்ரோடுக்குக் கொடுத்த எண்ணையே சாயங்காலமும் பிடித்துக்கொண்டு, "வோல்டேஜ் கூடிவிட்டது, இறக்கு" என்று இறக்கிக்கொண்டே இருக்கிறது. 12 மி.மீ. தகட்டில் துளைக்குத் துளை பியர்ஸ் செய்தால், அதாவது ஆர்க்கால் தகட்டைக் குத்தித் துளைத்து வெட்டை ஆரம்பித்தால், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எலக்ட்ரோடு தேய்மானத்தை மணிக்கணக்கைவிட எத்தனை தடவை ஆர்க் பிடித்தது என்பதுதான் தீர்மானிக்கும்.

இதற்கு இரண்டு வழி. சில கன்ட்ரோலர்களில் ஒவ்வொரு வெட்டின் ஆரம்பத்திலும், சரியான உயரத்தில் இருக்கும்போதே வோல்டேஜைத் தானாகப் படித்து அதையே பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், தேய்மானத்தால் உயரம் தப்பும் பிரச்சினை வராது. இல்லையென்றால் மதியம் ஒரு முறை டி.எச்.சி.யை நிறுத்தி, 1.5 மி.மீ. உயரத்தில் வெட்டி, அப்போது காட்டும் வோல்டேஜைப் புது எண்ணாகக் கொடுங்கள். சார்ட்டில் இருக்கும் வோல்டேஜ் தொடங்குவதற்குத்தான், பட்டறைக்குப் பட்டறை அது மாறும். குழி 1.6 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் எலக்ட்ரோடை மாற்றிவிடுங்கள். பவர்மேக்ஸ் வகை டார்ச்சுகளுக்குச் சொல்லும் அளவு அது. காசு மிச்சம் என்று இழுத்தால் நாசிலும் சேர்ந்து போகும்.

நாமக்கல், லாரி பாடி வேலை: 3 மி.மீ. ஷீட்டில் ஒவ்வொரு மூலையிலும் டார்ச் குத்துகிறது. நேர்கோட்டில் ஒன்றும் இல்லை.

மூலை வரும்போது மெஷின் வேகம் குறைகிறது. அங்கே ஆர்க் அதிக நேரம் நிற்பதால் கெர்ஃப், அதாவது வெட்டின் அகலம், விரிகிறது. வெட்டின் விளிம்பு இப்படி விலகிப் போனால் ஆர்க் நீண்டு வோல்டேஜ் ஏறும், டி.எச்.சி. டார்ச்சைக் கீழே அழுத்திவிடும். மூலையில் டி.எச்.சி.யைப் பூட்டும் அமைப்பு உங்கள் கன்ட்ரோலரில் பெரும்பாலும் இருக்கும். கொடுத்த வேகத்தில் 90, 95 சதவீதத்துக்குக் கீழே போனால் உயரத்தை அப்படியே நிறுத்திவை என்று கொடுங்கள். ஆக்சலரேஷனும் குறைவாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். கேன்ட்ரி (டார்ச்சைச் சுமந்து ஓடும் குறுக்குச் சட்டம்) கனமாக இருந்தால் திரையில் நிமிடத்துக்கு 4 மீட்டர் என்று காட்டும், சின்னச் சின்ன வளைவில் அதில் பாதிகூட வராது.

இதே கதைதான் ஏற்கெனவே வெட்டிய கோட்டைக் கடக்கும்போதும். கீழே தகடே இல்லாததால் வோல்டேஜ் சட்டென்று குதிக்கும். திடீர் ஏற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் ஆன்டி டைவ் அமைப்பு அதற்குத்தான். லீட் அவுட்டையும், அதாவது வெட்டு முடிந்து டார்ச் வெளியேறும் கோட்டையும், பழைய வெட்டுக்குள் நீட்டாதீர்கள்.

கரூரிலிருந்து: பஸ் பாடிக்கு 1.6 மி.மீ. ஷீட். தொட்டு உயரம் பார்க்கும் இடத்திலேயே தப்பாகிறது. பியர்ஸ் பண்ணும்போது நெருப்பு நாசிலுக்குள்ளேயே திரும்பி அடிக்கிறது.

மெல்லிய ஷீட்டில் இது சகஜம். உங்களுடையது சுவிட்ச் வைத்த மிதக்கும் தலையாக இருந்தால், டார்ச் ஷீட்டைத் தொட்ட பிறகும் சுவிட்ச் அடிக்கும்வரை இசட் (டார்ச்சை ஏற்றி இறக்கும் அச்சு) இன்னும் கொஞ்சம் கீழே போகும். அந்தத் தூரத்தை ஆஃப்செட்டாகக் கொடுத்திருக்க வேண்டும். அதோடு தலை கனமாக இருந்தால் ஷீட்டைத் தாங்கும் டேபிள் பட்டைகளில் இரண்டுக்கு நடுவே ஷீட் அமுங்கும், டார்ச் தூக்கியதும் ஷீட் எழும்பி வரும், 3.8 மி.மீ. பியர்ஸ் உயரம் என்று நீங்கள் நினைத்தது நிஜத்தில் 2 மி.மீ. கூட இருக்காது. தலையின் எடையைத் தாங்க ஒரு ஸ்பிரிங் போடுங்கள், தொடும் வேகத்தையும் குறையுங்கள். சரியா என்று பார்க்க, ஆர்க் போடாமல் ஓட்டி, டார்ச் பியர்ஸ் உயரத்தில் நிற்கும்போது அதே அளவு டிரில் பிட்டின் தண்டை நடுவில் நுழைத்துப் பாருங்கள்.

ஓமிக், அதாவது ஷீல்டு தகட்டைத் தொட்டதும் கரன்ட் பாய்ந்து கண்டுபிடிக்கும் வகை என்றால், பிரைமர் அடித்த ஷீட்டிலும் துருவிலும் அது தொட்டதே தெரியாது. ஷீல்டில் கசடு ஒட்டியிருந்தாலும், வாட்டர் டேபிள் தண்ணீர் தெறித்து ஈரமாக இருந்தாலும் தொடும் முன்பே தொட்டதாகச் சொல்லிவிடும். ஓமிக் வைத்திருந்தாலும் பின்னால் ஒரு சுவிட்ச் காவலுக்கு இருக்கட்டும்.

கோவை குறிச்சி: வெட்டு ஆரம்பித்ததும் டார்ச் மேலே மேலே போய் ஆர்க் அணைந்துவிடுகிறது. சார்ட்டில் 130 வோல்ட், திரையில் 52தான் காட்டுகிறது.

டிவைடர், அதாவது ஆர்க் வோல்டேஜைச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட், பொருந்தவில்லைங்க. மெஷினுக்குள் 50:1 என்று பிரித்து 2.6 வோல்ட் வெளியே அனுப்புகிறது, உங்கள் டி.எச்.சி. 20:1 என்று நினைத்து 20-ஆல் பெருக்கி 52 என்கிறது. 130 வேண்டும் என்று தூக்கிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒன்றாக வையுங்கள்.

காங்கேயம், ரைஸ் மில் மெஷினரி: டார்ச் நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறது. வெட்டு விளிம்பு அலை அலையாக வருகிறது.

கெயினை (வோல்டேஜ் மாறினால் டார்ச் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்ற செட்டிங்) பாதியாகக் குறைத்து, ஒன்றிரண்டு வோல்ட் மாறினால் கண்டுகொள்ளாதே என்று இடைவெளி கொடுத்துப் பாருங்கள். குறையவில்லையென்றால் மோட்டார் பிடிப்பில் இருக்கும்போதே டார்ச்சைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். ஆடினால் இசட் ஸ்க்ரூ நட்டிலோ கப்ளிங்கிலோ லூஸ் இருக்கிறது, அதற்கு எந்த செட்டிங்கும் மருந்தில்லை.

கணபதியிலிருந்து: விலை குறைவான மெஷின், ஹெச்.எஃப். (ஹை ஃப்ரீக்வென்சி) ஸ்டார்ட். ஆர்க் பிடிக்கும்போது வோல்டேஜ் எண் தாறுமாறாக ஓடுகிறது, சில நேரம் கம்ப்யூட்டரே நின்றுவிடுகிறது.

ஹெச்.எஃப். பற்றவைப்பு என்றாலே ஆயிரக்கணக்கான வோல்ட் பொறி, அது பக்கத்தில் போகும் எல்லா ஒயரிலும் ஏறும். டார்ச் கேபிளை மோட்டார், சிக்னல் கேபிள்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சிக்னலுக்கு ஷீல்டு போட்ட முறுக்கு ஒயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த். டேபிள், கேன்ட்ரி, கன்ட்ரோல் பெட்டி எல்லாம் ஒரே புள்ளிக்கு வந்து அங்கிருந்து தரையில் அடித்த காப்பர் கம்பிக்குப் போகட்டும். எர்த் கிளாம்பைப் பட்டையில் மாட்டாமல் தகட்டிலேயே மாட்டுங்கள். கசடு பிடித்த பட்டை வழியாகக் கரன்ட் போனால் வோல்டேஜ் நிலையாக நிற்காது. டி.எச்.சி.யும், பியர்ஸ் முடிந்து டார்ச் இறங்கி வேகம் பிடித்த பிறகே வேலை தொடங்கும்படி தாமதம் கொடுங்கள். அடுத்து மெஷின் வாங்கினால் ஹெச்.எஃப். இல்லாத, காற்றழுத்தத்தால் எலக்ட்ரோடு பின்வாங்கிப் பற்றும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்கு அதுதான் நிம்மதி.

பொள்ளாச்சி: ஆடி பிறந்தாலே எங்களுக்கு எலக்ட்ரோடு நிற்பதில்லை, டி.எச்.சி.யும் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் ஈரம் அவ்வளவும் உங்கள் கம்ப்ரஸர் டேங்கில்தான் இறங்குகிறது. டார்ச்சில் காற்று மட்டும் விட்டு, முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடியுங்கள். பனி படர்ந்தாலோ எண்ணெய் தெரிந்தாலோ டிரையர் போடாமல் தீராது. டேங்கைத் தினமும் வடியுங்கள். அழுத்தத்தைக் காற்று ஓடும்போது பாருங்கள், நிற்கும்போது காட்டும் எண்ணால் பயனில்லை.

அன்னூர்: பம்ப் பேஸ் ஃபிரேமில் போல்ட் துளை வட்டமாக வரவில்லை. டி.எச்.சி.யில் என்ன மாற்ற?

நிறுத்திவிடுங்கள். சின்னத் துளைக்கு டி.எச்.சி. வேண்டவே வேண்டாம், வேகத்தை 60 சதவீதமாக்கி, தொட்டுப் பார்த்த உயரத்திலேயே சுற்றுங்கள்.

அவிநாசி: டிவைடர் போர்டு இல்லாத மெஷின். வோல்டேஜ் ஒயரை நானே எடுக்கலாமா?

ஆர்க் பிடிக்கும் முன் அந்த முனையில் 250, 300 வோல்ட் டி.சி. இருக்கும், ஆளைக் கொல்லும். மெஷினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர் இறங்க நேரம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். எலக்ட்ரோடு பக்கம் மைனஸ், தகட்டுப் பக்கம் பிளஸ். மெஷினுக்குள்ளேயே டிவைடர் போர்டைப் பொருத்தி, பிரித்த சின்ன வோல்டேஜை மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். இதுவரை இந்த வேலை செய்ததில்லை என்றால் பவர் சோர்ஸ் திறந்து பழகிய ஒரு எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.