உருளும் பந்தும் இரவுச் சாப்பாடும்

கேள்வி: 'கட்டமரி டமாசி' என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டில் பந்து உருட்டத் தொடங்கினால், மகன் இரவுச் சாப்பாட்டையும் மறந்துவிடுகிறான். இவ்வளவு எளிய விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: 2004இல் நாம்கோ நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்காக வெளியிட்ட இவ்விளையாட்டில், தந்தையான அண்டவெளி அரசர் அழித்துவிட்ட விண்மீன்களை மீண்டும் உண்டாக்குவதற்காக, குட்டி இளவரசன் ஒட்டும் பந்தொன்றை உருட்டிச் செல்கிறான். இரு விசைப்பிடிகளை அசைக்கத் தெரிந்தால் போதும். பந்து தன்னிலும் சிறியவற்றையே ஒட்டிக்கொள்ளும் என்பதில்தான் ஈர்ப்பு இருக்கிறது: சற்றுமுன் நம்மை மோதித் தள்ளிய பூனையை, அழிறப்பர்களையும் பகடைக்காய்களையும் சேர்த்துப் பருத்த பின்னர் நாமே அள்ளிக்கொண்டு போகும்போது, வளர்ச்சி கண்ணெதிரே தெரிகிறது. அந்தப் பூனைக்காகவே நானும் ஓரிரவு விழித்திருந்தேன். பெரும்பாலான சுற்றுகளுக்கு நேர எல்லை உண்டு என்பதால், நடுவில் பறிக்காமல், சுற்று முடிந்ததும் சாப்பிட அழையுங்கள்.