டி.எஸ்.ஹெச். 100-ஐத் தாண்டிவிட்டது, 25 மைக்ரோகிராம் மாத்திரை போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ஒரு வருடமாக ஓயாத அசதி, முகம் ஊதிப்போய் இருக்கிறது, குரல் கரகரக்கிறது, எல்லோரும் ஃபேன் போட்டால் அவர் மட்டும் போர்த்திக்கொள்கிறார். வயதாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். இப்போது தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 100-க்கு மேல். ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு உண்டு. டாக்டர் 25 மைக்ரோகிராம் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரைதான் எழுதியிருக்கிறார். எனக்கு 9 இருந்தபோதே 50 கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் மாற்றமில்லை. நாங்களே தினம் இரண்டு மாத்திரையாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து கொடுக்காதீர்கள். டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதல்ல. தைராய்டு சரியாக வேலை செய்யாதபோது, 'இன்னும் சுரந்து கொடு' என்று மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்புவது அது. அந்த எண்ணை மட்டும் பார்த்து யாரும் அளவு முடிவு செய்வதில்லை. எடை, வயது, முக்கியமாக இதயம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சுரப்பி முழுக்கவே ஓய்ந்துபோனவருக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ இருந்தால் 100 அளவில் தேவைப்படும். இதயம் நன்றாக இருக்கும் இளவயதுக்காரருக்கு முதல் நாளிலிருந்தே அதைக் கொடுக்க முடியும். உங்கள் அம்மாவுக்கு முடியாது. தைராக்ஸின் ஏறினால் இதயம் வேகமாகத் துடிக்கும், அதற்கு அதிக ஆக்சிஜன் தேவை, அடைப்புள்ள குழாய் அதை எங்கிருந்து கொடுக்கும்? நெஞ்சுவலி, துடிப்பில் தாளக்கோளாறு, மாரடைப்பு வரைக்கும் போகலாம். 12.5 அல்லது 25-இல் தொடங்கி சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் முறை, உங்கள் டாக்டர் செய்வதும் அதுதான்.

மூன்று வாரம் போதாது. இந்த மருந்தின் அளவு உடலில் நிலைபெறவே ஐந்தாறு வாரமாகும், அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். தோலும் முடியும் தேற மாதக்கணக்காகும்.

அதற்குள் நீங்கள் கவனிக்க வேண்டியது, மாத்திரை உடலில் ஒழுங்காகச் சேர்கிறதா என்பது. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூட வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். அளவு ஏற்றியும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பரிசோதனை முடிவையே அது மாற்றிக் காட்டும்.

இன்னொன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, உடம்பு ஜில்லென்று ஆனாலோ, மூச்சு மெதுவானாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தைராய்டு மிகவும் குறைந்துபோய் வரும் இந்த நிலையை மிக்ஸிடிமா கோமா என்பார்கள், உயிருக்கே ஆபத்து. பெயரில் கோமா இருந்தாலும் நினைவு முழுக்கத் தப்பும்வரை பொறுக்க வேண்டியதில்லை. நுரையீரல் தொற்று, தூக்க மாத்திரை, தைராக்ஸினைச் சட்டென்று நிறுத்துவது, இவையெல்லாம் அதைத் தூண்டிவிடும். அவசரப் பிரிவில் நுழைந்ததுமே தைராய்டு குறைவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி வந்தாலும் அதேபோல உடனே கிளம்புங்கள்.

கேள்வி: வயது 29. ஹாஷிமோட்டோ என்றார்கள். 60-இல் இருந்த டி.எஸ்.ஹெச். இப்போது 2.5. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: டி.எஸ்.ஹெச். 2.5-க்கு இறங்கியதே மாத்திரையால்தான். ஹாஷிமோட்டோவில் நம் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கிச் சிதைக்கிறது, 60 வரை போனவருக்கு அது தானாக மீள்வது அபூர்வம். பிரசவத்துக்குப் பிறகோ சில மருந்துகளாலோ வரும் தைராய்டு குறைவு சிலருக்குச் சரியாகும், உங்களுடையது அந்த வகை இல்லை. நிறுத்தினால் முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது, அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். கர்ப்பம் உறுதியானால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஆரம்ப வாரங்களிலேயே அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.